அடைக்கலமாக வந்த மரம்

சிதம்பரத்தின் தேரோடும் நான்கு வீதிகளிலும், கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கங்களிலும் ஓட்டு வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. வீட்டை இடிக்கும்போது உத்திரமும் தூணும் பழைய மரக்கடைக்குப் போய்விடும். தப்பிப் பிழைப்பவை ஆள் தூக்கிச் செல்லக்கூடிய சாமான்கள்தான்: ஊஞ்சல் பலகை, சாய்வு நாற்காலி, கல்லாப்பெட்டி, கணக்கெழுதிய சாய்மேசை, ஆளுயரக் கண்ணாடி பதித்த மர பீரோ. இவை சென்னைக்கோ பெங்களூருக்கோ லாரி ஏறி, அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்கின்றன. வந்தவர்கள் கேட்டால் ‘தாத்தா காலத்து நாற்காலி’ என்று சொல்லும்போது வீட்டுக்காரர் குரல் கனிந்துவிடும். பற்றை அறுக்கச் சொல்லும் சமய மரபுகளுக்குள் பிறந்து வளர்ந்தவர்கள் ஒரு மரச்சாமான் மீது இப்படி உருகலாமா? உருகலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தச் சாமானைத் தன் உடைமையாகவோ தன் ரசனைக்குச் சான்றாகவோ கொள்ளாமல், ஒருவர் நம்மிடம் அடைக்கலமாக வைத்துப்போன பொருளாகக் கொள்ள வேண்டும். அப்படிக் கொண்டால் அந்த அன்பு பற்றை வளர்க்காது, தளர்த்தும். அலங்காரமாக்கினால்தான் அது பற்றாகக் கெட்டிப்படும்.

முதலில் இந்தக் கனிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பழமையிலிருந்து வருவதாகச் சொல்வது பாதிதான் உண்மை. புது மரத்துக்கே பழைய மெருகு ஏற்றித் தருகிற பட்டறைகள் இன்று எத்தனையோ இருக்கின்றன. அவற்றைப் பார்த்து யாரும் தழுதழுப்பதில்லை. ஒரு சாய்வு நாற்காலியை அருகில் போய்ப் பார்த்தால் காரணம் தெரியும். நீண்ட கைப்பலகையின் நுனியில், உள்ளங்கை படிகிற இடத்தில் மட்டும் மரம் குழிந்து, மற்ற இடத்தைவிட ஒரு சாயல் கறுத்து, வழுவழுப்பாக இருக்கும். கைப்பலகைக்கு அடியிலிருந்து வெளியே திருப்பிக் காலை நீட்டிக்கொள்கிற பலகையில் குதிகால் பட்ட தேய்மானம் இருக்கும். பின்னிய பிரம்பு ஒருவருடைய முதுகின் கனத்துக்கு ஏற்பத் தொய்ந்திருக்கும். உடம்பு போய்விட்டது, அது அழுந்திய இடம் இருக்கிறது. படத்திலும் கடிதத்திலும் கிடைக்காத ஒன்று இது. புகைப்படம் ஒரு நொடியைக் காட்டுகிறது. இந்தத் தேய்மானமோ ஆயிரக்கணக்கான மத்தியானங்கள் சேர்ந்து உண்டாக்கியது, அதுவும் யாரும் திட்டமிடாமல். நம் கையை அதே குழிவில் வைக்கும்போது நமக்கு முன்னும் ஒருவர் இருந்தார் என்பது சொல்லாமலே விளங்கிவிடுகிறது. நமக்குப் பின்னும் ஒருவர் வருவார் என்பதும் அதனுள்ளேயே அடக்கம். என் வாதத்துக்கு இது முக்கியமான சான்று. கடையில் வாங்கிய புது சோபா ‘இது என்னுடையது’ என்ற எண்ணத்தைத் தடையில்லாமல் வளர்க்கும். பரம்பரை நாற்காலி அந்த எண்ணத்தை ஒவ்வொரு நாளும் மறுக்கிறது.

துறவை முன்வைப்பவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். பிணத்தை எடுத்த கையோடு பாயைச் சுருட்டு என்று சொல்லும் மரபில், செத்தவர் நாற்காலியைக் கட்டிக்கொண்டு அழுவது அறியாமைதானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கான விடையைச் சிதம்பரத்தின் எல்லையிலேயே, கொற்றவன்குடியில் 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவத்தின் வழியில் தேடலாம். மெய்கண்டாரிலிருந்து அவர்வரை வந்த சைவ சித்தாந்தம் உலகத்தைப் பொய்த்தோற்றம் என்று தள்ளுவதில்லை. உடம்பும், மனம் முதலிய கருவிகளும், வாழும் உலகமும், நுகரும் பொருளும் மாயையிலிருந்து உயிருக்காக ஆக்கித் தரப்பட்டவை. உயிரைக் கட்டிப்போட்டிருக்கும் மூல இருள் ஆணவம். விடியும்வரை அந்த இருட்டில் உயிருக்கு உதவுகிற விளக்காகவே மாயையின் பொருள்களைச் சித்தாந்திகள் கண்டார்கள். இதன்படி பார்த்தால் குற்றம் நாற்காலியில் இல்லை. அதன் மேல் ஏறி உட்காரும் ‘எனது’ என்பதில் இருக்கிறது. நாற்காலியை வீதியில் எறிந்தாலும் ‘எனது’ போகாது. ‘எறிந்தவன் நான்’ என்று இன்னொரு இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மாறாக, ஏற்கெனவே பிறருடையதாக இருந்து, இனியும் பிறருடையதாகப் போகும் ஒன்றைப் பேணிக் கையளிப்பது ‘எனது’ என்பதைத் தேய்க்கும் பயிற்சி. எல்லாத் துறவும் காட்டுக்குப் போய்த்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. கூடத்தில் ஓர் உப்புத்தாளை வைத்துக்கொண்டு, தன் பிள்ளையின் பிள்ளை உட்காரப்போகும் பலகையைத் தேய்ப்பவரிடமும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

பிறர் வைத்துப்போன பொருளைக் காப்பது பற்றித் தமிழில் உள்ள கதைகளில் ஆழமானது தில்லையிலேயே நடந்ததாகச் சேக்கிழார் சொல்லும் திருநீலகண்டர் கதை. அவர் குயவர், சிவனடியார்களுக்குத் திருவோடு வனைந்து கொடுப்பதைத் தொண்டாகக் கொண்டவர். அவருடைய ஒழுக்கத்தில் ஒரு தவறு நேர்கிறது. மனைவி திருநீலகண்டத்தின் மீது ஆணையிட்டு, தன்னைத் தீண்டக் கூடாது என்கிறார். ஆணையின் சொல் பன்மையில் அமைந்திருந்ததால் எல்லாப் பெண்களையுமே விலக்கி வாழ்கிறார் அவர். ஒரே கூரையின் கீழ், ஊருக்குத் தெரியாமல், இருவரும் முதுமை வரை அப்படியே இருக்கிறார்கள். அப்போது சிவயோகி ஒருவர் வந்து தம் ஓட்டை அடைக்கலமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். நெடுநாள் கழித்துத் திரும்பிவந்து கேட்கும்போது ஓட்டைக் காணோம். அதைவிட நல்ல ஓடு ஒன்று தருகிறேன் என்கிறார் குயவர். ஓடு செய்வதே தொழிலாகக் கொண்டவர் சொல்லக்கூடிய மிக நேர்மையான ஈடு அது. யோகி மறுக்கிறார்: பொன்னாலேயே செய்து தந்தாலும் வேண்டாம், நான் தந்த அந்த ஓடுதான் வேண்டும்.

இந்த மறுப்பைச் சோதனைக்காகச் செய்த பிடிவாதம் என்று கடந்துபோவது எளிது. எனக்கு அதில் ஒரு நீதி தெரிகிறது. மண் ஓட்டுக்குப் பொன் ஓடு ஈடாகாது என்றால், அடைக்கலப் பொருளின் மதிப்பு அதன் மண்ணிலும் இல்லை, வேலைப்பாட்டிலும் இல்லை. ஒருவர் நம்பிக் கொடுத்தார், இன்னொருவர் ஏற்றார் என்ற உறவில்தான் அது இருக்கிறது. அந்த உறவு வேறொரு பொருளுக்கு மாறாது. அம்மாவின் உடைந்த முக்காலிக்குப் பதிலாக அதே அளவில் புதுத் தேக்கில் ஒன்று செய்து கொடுத்தாலும் மகள் மனம் நிறையாததற்குக் காரணம் இதுவே. அதை வெறும் உணர்ச்சி என்று ஒதுக்குகிறவர்கள் யோகியின் வாதத்தையும் சேர்த்து ஒதுக்க வேண்டியிருக்கும். கதை இதோடு நிற்கவில்லை. திருடவில்லை என்றால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்கிறார் யோகி. வழக்கு தில்லைவாழ் அந்தணர் அவைக்குப் போகிறது. அவையும் மூழ்கச் சொல்கிறது. மூங்கில் தண்டு ஒன்றின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்குகிறார்கள் கணவனும் மனைவியும். அதுவும் போதாது என்றபோது, அத்தனை காலமும் மறைத்து வைத்திருந்ததை ஊரறியச் சொல்லிவிட்டு மூழ்குகிறார் திருநீலகண்டர். எழும்போது இருவரும் இளமை பெற்று எழுகிறார்கள். அந்த நினைவில்தான் சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் இருக்கிறது. காணாமற்போன ஓடு ஒரு வீட்டின் மௌனத்தை உடைத்தது. அடைக்கலப் பொருள் காக்கச் சொல்வதோடு விடுவதில்லை. உண்மையைச் சொல்லவும் வைக்கிறது. பரம்பரை மரச்சாமானின் தகுதியை இந்த இரண்டாலும் அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

சிதம்பரத்தை வைத்தே இன்னொரு மறுப்பும் எழலாம். அந்தக் கோயிலின் உச்சமான தரிசனமே வெளிதானே? திரையை விலக்கினால் உருவம் எதுவும் இல்லை. பொன் வில்வ மாலைகள் தொங்குகின்றன, அவ்வளவுதான். வெற்றிடத்தைக் கும்பிடக் கற்றுக்கொடுத்த ஊரின் மக்கள் வீட்டை மரச்சாமானால் நிரப்பலாமா? வீட்டை நிரப்பக் கூடாது என்பதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அந்த வெளி தானாகக் காணக் கிடைப்பதில்லை. மரத்தால் அமைந்து பொன் வேய்ந்த சிற்றம்பலம் வேண்டும், திரை வேண்டும், மாலை வேண்டும். அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பழுதுபார்த்து நிறுத்திவைக்கும் கைகள் வேண்டும். உருவமற்றதைக் காட்டும் வேலையை அங்கே மரமும் துணியும் செய்கின்றன. வடலூரிலும் இதையே பார்க்கிறோம். சடங்குகளையும் சமயச் சின்னங்களையும் விட்டு ஒளியை நோக்கச் சொன்னவர் வள்ளலார். 1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி மேட்டுக்குப்பத்து அறைக்குள் போனவர் திரும்ப வெளிவரவில்லை. உடலைக்கூட விட்டுப்போகவில்லை என்பது சன்மார்க்கத்தார் நம்பிக்கை. ஆனாலும் தைப்பூசம் முடிந்து திருவறை தரிசனத்தன்று, அவர் பயன்படுத்திய பொருள்கள் அடங்கிய பேழையைப் பூப்பல்லக்கில் வைத்து வடலூரிலிருந்து மேட்டுக்குப்பத்துக்குச் சுமந்துபோகிறார்கள் மக்கள். இதை முரண் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பேழை தனியாக நின்றிருந்தால் முரண் ஆகியிருக்கும். 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி அவர் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிந்து, வருகிறவர்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருக்கிறது. செயல் தொடர்வதால் பொருளுக்கு மரியாதை பொருந்துகிறது. சோறு நின்றுபோய்ப் பேழை மட்டும் சுற்றி வந்தால், அப்போது வள்ளலாரே அதைக் கேள்வி கேட்டிருப்பார்.

இனி, எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் மறுப்புக்கு வருகிறேன். பரம்பரை நாற்காலி வைத்திருப்பவர் யார்? பரம்பரையாக உட்கார்ந்திருந்தவர்தான். சாய்வு நாற்காலியில் ஒருவர் சாய்ந்திருக்க, வாசலுக்கு வெளியே பலர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற காலத்தில் தேய்ந்ததுதான் அந்தக் கைப்பலகை. வீராணம் ஏரிப் பாசனத்தில் காட்டுமன்னார்கோயில் பக்கம் விளைந்த நெல் பண்ணை வீட்டுப் பத்தாயங்களை நிறைத்தது. அறுத்தவர்களின் குடிசையில் பத்தாயம் வைக்கவும் இடமில்லை, போடவும் நெல்லில்லை. இன்று அந்தப் பத்தாயம் கண்ணாடி மேற்பலகை போட்ட மேசையாகிக் கூடத்தில் நிற்கும்போது, பார்ப்பவர் எல்லாருக்கும் ஒரே இனிமை தோன்ற வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்த மறுப்பின் வேரையும் சேக்கிழாரிடமே காணலாம். ஆதனூரில் வாழ்ந்த திருநாளைப்போவார், நந்தனார் என்று நாம் அழைப்பவர், கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தார். அவர் தந்த தோல் கோயிலுக்குள் போனது. அவர் வெளியே நின்றார். தில்லையிலும் தீயில் மூழ்கி எழுந்த பிறகுதான் உள்ளே போனார் என்று புராணம் சொல்கிறது. பொருளை ஏற்று ஆளை நிறுத்திவைத்த அந்த வரலாறு கோயிலோடு முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு பழைய வீட்டின் மரச்சாமானிலும் அது இருக்கிறது.

ஆகவே நாற்காலியை எரித்துவிடலாம் என்பது விடையாகாது. எரித்தால் சாட்சியும் சேர்ந்து எரிந்துவிடும். திருநீலகண்டர் குளக்கரையில் செய்ததை நாற்காலியின் இன்றைய வாரிசும் செய்ய வேண்டும். இதில் யார் உட்கார்ந்தார்கள், யாரை உட்கார விடவில்லை, இதைச் செய்த ஆசாரி எந்த ஊர், பத்தாயத்து நெல் யார் உழைப்பு என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறகு, முன்பு நிற்க வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் விருந்தாக வரும்போது அந்த நாற்காலியில்தான் உட்காரவைக்க வேண்டும். வாசலில் நிறுத்தியவர்களைப் படிக்க வைப்பதில்தான் பரிகாரம் என்று கண்ட சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயராலேயே பள்ளி தொடங்கினார். இழிவின் நினைவாக மட்டும் இருந்திருக்கக்கூடிய ஒரு பெயரை அவர் பெருமைக்குரியதாக்கினார். மரத்துக்கும் அந்த வாய்ப்பைக் கொடுக்கலாம். அலங்காரப் பொருளாகக் கயிறு கட்டி, ‘யாரும் உட்காராதீர்கள், பழசு’ என்று காத்தால் பழைய தடையைப் புதிய காரணத்தோடு தொடர்வதாகத்தான் ஆகும்.

வீட்டுக்குள்ளேயே மறைந்துபோன உண்மை ஒன்றும் உண்டு. ‘தாத்தா கட்டில்’, ‘தாத்தா பீரோ’ என்று வழங்குகிற பலவும் உண்மையில் பாட்டி பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்தவை. அவளுடைய அப்பா கடன் வாங்கியோ நிலத்தை விற்றோ செய்து அனுப்பிய தேக்கு அது. வந்து இறங்கிய மறுநாளே அதன் சாவி மாமியார் இடுப்புக்குப் போயிருக்கும். அந்த பீரோவைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசனையோடு அந்தக் கதையும் வெளிவர வேண்டும். வரவில்லையென்றால் நாம் காத்தது மரத்தை மட்டுமே.

விலைகொடுத்து வாங்குபவர்களைப் பற்றியும் கேட்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும் புதுச்சேரியிலும் பழம்பொருள் கடைகள் உண்டு. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்த பிறகு செட்டிநாட்டுச் செல்வத்தின் பெரிய ஊற்று ஒன்று அடைபட்டது. பின்னாளில் வீடுகள் பிரிந்தபோது பர்மாத் தேக்குத் தூணும் பெட்டகமும் சந்தைக்கு வந்தன. முன்பின் தெரியாத ஒருவரின் கொள்ளுத்தாத்தா நாற்காலியை வாங்கி வைத்துக்கொள்வது இரவல் பாசம் அல்லவா? அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனாலும் விறகாகப் போகவிருந்த நல்ல மரத்தை மீட்டவர் என்ற நன்றி அவருக்கு உரியதே. அவர் வாங்கமுடியாதது அதன் கடந்த காலத்தை. உண்டாக்க முடிவது அதன் வருங்காலத்தை. பத்து வருடம் அதில் உட்கார்ந்து படித்து, பிள்ளைக்குக் கதை சொல்லித் தேய்த்தால், அடைக்கல உறவு அவரிடமிருந்து புதிதாகத் தொடங்கும். இதில் நான் அவர்களை அதிகம் குறை சொல்ல மாட்டேன்.

காக்க முடியாமற்போகும்போது என்ன செய்வது? கடலூர் மாவட்டத்தில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. 2004 டிசம்பர் 26-இல் தேவனாம்பட்டினத்தில் கடல் புகுந்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 இறுதியில் வெள்ளம் வந்தது. ஆளே தப்பியது பெரிது என்ற நிலையில் கட்டிலையும் பீரோவையும் யார் பார்ப்பார்கள்? பொருளைப் பறிகொடுத்தவர்கள் முன்னோரையும் பறிகொடுத்தார்கள் என்று சொன்னால் அது கொடுமை. இங்கேயும் தில்லை மரபு ஒரு வழி காட்டுகிறது. தேவார மூவர் பாடிய ஏடுகள் சிதம்பரம் கோயிலில் ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தன. அரசனும் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியும் அறையைத் திறந்தபோது அவற்றைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை விலக்கிப் பார்த்தால், பெரும்பகுதியைச் செல் அரித்துவிட்டிருந்தது. அரசன் கலங்கியபோது, இக்காலத்துக்கு வேண்டியவற்றை வைத்துவிட்டே மற்றவற்றைச் செல்லரிக்கச் செய்தோம் என்று ஓர் அசரீரி எழுந்ததாகத் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. இதைச் சமாதானம் என்று சிலர் சொல்லலாம். நான் இதைப் பெரிய துணிவு என்று நினைக்கிறேன். இறைவனைப் பாடிய ஏடுகளையே இழக்கச் சம்மதித்து, எஞ்சியதைப் பாடத் தொடங்கிய சமூகம் அது. செல்லரித்த ஓலையைக் கட்டிவைத்து அழுதுகொண்டிருக்கவில்லை. ஆகமங்களும் பழுதுபட்ட திருவுருவத்தை எப்படி விடுவது என்று விதி வகுத்திருக்கின்றன: கல் ஆழ்ந்த நீருக்கு, மரம் நெருப்புக்கு, உலோகம் உலைக்கு. தெய்வத்தின் உருவுக்கே ஒரு முடிவு உண்டு என்றால் கொள்ளுத்தாத்தாவின் மேசைக்கும் உண்டு.

அதனால், அடுக்குமாடி வீட்டில் பத்தாயத்துக்கு இடமில்லையே என்று வருந்தும் அண்ணன் தம்பிகள் அதற்காகச் சண்டையிட வேண்டியதில்லை. ஊஞ்சல் யாருக்கு என்ற பேச்சு வந்தால், மூத்தவர் யார், ஆண் வாரிசு யார் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். யார் வீட்டில் அது தினமும் ஆடும், யாருக்கு அதன் கதை அதிகம் தெரியும் என்று பார்த்துக் கொடுத்தால் போதும். பெரும்பாலான வீடுகளில் அது கட்டிக்கொடுத்த மகளாகத்தான் இருக்கும். பத்தாயத்துப் பலகைகளை அவிழ்த்து, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புத்தக அலமாரியாக அடித்துக் கொடுக்க ஓர் ஆசாரிக்குச் சில நாள் வேலை. உளுத்துப்போனவற்றைத் தயங்காமல் அடுப்புக்குக் கொடுத்துவிடலாம், வடலூர்ச் சாலைக்கே வண்டியில் ஏற்றி அனுப்பினாலும் சரி.